இடது முன் சக்கரம்: பிரேக் பேடு மாற்றிய கதை

மார்கழியில் மழை விட்டு ஒரு வாரம் இருக்கும். பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டுக் குன்றக்குடி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். மலையடிவாரத்தில் கூட்டத்துக்கு வழிவிட்டு மெதுவாக உருட்டியபோது முன்பக்கம் இடது சக்கரத்திலிருந்து கீச்சென்று மெல்லிய சத்தம் கேட்டது. பிரேக்கில் கால் வைத்தால் கூடியது. காலை எடுத்த பிறகும் முழுதாக ஓயவில்லை. பக்கத்தில் இருந்த அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தார். "பேடு தேஞ்சு போச்சுத்தா. நாளைக்கே கழட்டிப் பாத்துரு" என்றார்.

அந்தச் சத்தம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க், அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பது பேடு. பல பேடுகளில் ஓரத்தில் ஒரு சிறிய எஃகுத் தகடு மடித்து வைத்திருப்பார்கள். தேய்மானப் பொருள் சில மில்லிமீட்டருக்கு இறங்கியதும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தத் தொடங்கும். அதுவரை எனக்குக் கவலை இல்லை. காலை எடுத்த பிறகும் சத்தம் வந்ததுதான் உறுத்தியது. பள்ளத்தூர் வீட்டுக்கு வந்து இறங்கியதும் இரண்டு முன் சக்கரங்களுக்கு அருகிலும் கையைக் கொண்டு போனேன். தொடக்கூடாது, சுட்டுவிடும், ஒரு சாண் தள்ளி வைத்தாலே போதும். வலது பக்கம் வெதுவெதுப்பு. இடது பக்கம் அடுப்பு வாயில் கை வைத்தது போல அனல். ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே மிதி. அப்படியானால் இடது பக்கம் பேடு டிஸ்க்கை விட்டு விலகவே இல்லை.

இதைத் தள்ளிப்போட முடியாது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரையில் எங்கள் வீட்டு ஆட்களும் போகிறார்கள். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நீளும் வழியில் அரிசி, பாத்திரம், மருந்துப் பெட்டி, அப்பத்தா எல்லாரையும் ஏற்றிக்கொண்டு இந்தக் கார்தான் கூடப் போகும். நடக்கிறவர்களின் முதுகுக்குப் பத்தடி பின்னால், விடியாத இருட்டில், முதல் கியரில் ஊர்ந்து போகிற வண்டி அது. அதன் பிரேக்கில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கக் கூடாது.

வண்டி ஒரு சின்ன ஹேட்ச்பேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். மறுநாள் காரைக்குடிக்குப் போய், கொப்புடையம்மன் கோயில் பக்கம் உள்ள உதிரிபாகக் கடையில் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டிப் பேடு வாங்கினேன். ஒரே மாடலிலேயே வருடத்துக்கு வருடம் பேடு மாறும் என்பதால் சேசிஸ் நம்பரைச் சொல்லி வாங்குவது நல்லது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து நான்கு பேடுதான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றிருந்தால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். கூடவே ஒரு பிரேக் கிளீனர் ஸ்பிரே, பிரேக்குக்கு என்றே வரும் சிலிகான் கிரீஸ், மூடி பிரிக்காத ஒரு பாட்டில் டாட் 3 பிரேக் ஆயில். என் வண்டியின் ஆயில் டப்பா மூடியில் டாட் 3 என்று போட்டிருந்ததால் அதையே வாங்கினேன்.

வேலைக்கு இடம் பின்வாசல் பக்கம் உள்ள பழைய வண்டிக் கொட்டகை. முகப்பில் நிழலும் காற்றும் உண்டுதான். ஆனால் அங்கே தரை ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் சாயச் சிமெண்டை ஊற்றிக் கையால் வார்த்தெடுக்கும் அந்தக் கல்லில் ஜாக்கியை ஊன்றினால் தூக்கும் எடை முழுவதும் ஒரு புள்ளியில் இறங்கும். விரிசல் விட்டால் அதே பூவும் அதே நிறமும் திரும்பக் கிடைப்பது கஷ்டம். கொட்டகையில் இறுகிப் போன செம்மண் தரை. ஜாக்கி மண்ணில் புதையாமல் இருக்க அடியில் ஒரு கனமான பலகை போட்டேன். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுக்க, ஒரு பழைய கட்டு இடிந்தபோது மிஞ்சிய பர்மாத் தேக்கு உத்தரத் துண்டுகள் கிடந்தன. இவ்வளவு வருஷம் ஆகியும் அதன் மூலை மழுங்கவில்லை.

கை பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். முன் சக்கரத்தைத் தூக்கும்போது அதுதான் துணை. அதை இழுத்துவிட்டு, கியரிலும் போட்டுவிட்டு, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திக்கொண்டேன். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் சக்கரம் கூடவே சுற்றும், வண்டியும் ஆடும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. தூக்கியதும் தேக்குத் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஜாக்கி வைக்கச் சொல்லியிருக்கும் உறுதியான விளிம்பின் அடியில் முட்டுக் கொடுத்தேன். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்க வைத்தேன். எது வழுக்கினாலும் ஆள் மேல் விழாது. அப்பச்சி இதை மட்டும் தானே வந்து காலால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் திண்ணைக்குப் போனார்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் கழற்றினேன். எந்த கிளிப் எப்படி மாட்டியிருந்தது என்று குழம்பினால், கழற்றாத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பியதும், பேடுகளைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் காலிபரின் பின்புறம் கைக்கு எட்டியது. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு 14 எம்.எம். போல்ட்டு. அவை போய்ச் சேருவது காலிபர் வழுக்கி நகரும் இரண்டு இரும்புக் குச்சிகளில், அதாவது வழுக்குப் பின்களில். போல்ட்டைத் திருகும்போது பின்னும் கூடச் சுற்றும் என்பதால் இன்னொரு ஸ்பேனரால் பின்னின் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். போல்ட்டு இரண்டும் வந்துவிட்டன. காலிபரை அசைத்து அசைத்து வெளியே எடுத்து, கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டேன். பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயான ஹோஸில் காலிபரின் எடை ஒரு நிமிடம்கூடத் தொங்கக் கூடாது. ஹோஸ் உள்ளே பழுதானால் வெளியே தெரியாது.

பழைய பேடுகளைக் கையில் எடுத்ததும் விஷயம் புரிந்துவிட்டது. வெளிப்பக்கப் பேடில் இன்னும் 6 மில்லிமீட்டர் இருந்தது. உள்பக்கப் பேடில் 1 மில்லிமீட்டர்கூட முழுதாக இல்லை, ஒரு ஓரத்தில் இரும்புத் தகடே எட்டிப் பார்த்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் வேலை முழுவதும் இதில்தான் இருக்கிறது. இந்த வகைக் காலிபரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் உண்டு. மிதித்ததும் பிஸ்டன் உள்பக்கப் பேடைத் தள்ளி டிஸ்க்கில் வைத்து அழுத்தும். அதற்கு மேல் போக இடமில்லாததால் காலிபரின் உடம்பு முழுவதும் எதிர்த்திசையில் நகர்ந்து, வெளிப்பக்கப் பேடையும் இழுத்து டிஸ்க்கில் வைக்கும். அப்படி நகர்வது அந்த இரண்டு பின்கள் மேல்தான். பின் இறுகிவிட்டால் காலிபர் நகராது. உள்பக்கப் பேடு மட்டும் பாடுபடும், காலை எடுத்த பிறகும் விலகாமல் உரசும், சூடேறும், தேயும். ஒரு சக்கரத்தின் இரண்டு பேடுகளும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்திருந்தால் பேடை மாற்றினால் போதும். இப்படி ஒன்று கட்டையாகவும் ஒன்று காகிதமாகவும் இருந்தால், காரணத்தைத் தேடாமல் புதுப் பேடு போடுவது பணத்தைத் தேய்ப்பதுதான்.

மேல் பின்னை இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. கீழ்ப் பின் அசையவில்லை.

அரை மணி நேரத்துக்கு மேல் அந்த ஒரு பின்னோடு இருந்தேன். ஸ்பேனரை அதன் தலையில் மாட்டி இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து இரும்புக்குச் சூடு ஏற்றினேன். சுத்தியலால் தட்டலாமா என்று ஒரு தடவை கை போனது. தட்டினால் பின் வளையும், வளைந்தது திரும்ப வழுக்காது. "என்னாத்தா, வருதா?" என்று திண்ணையிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் திருகிக்கொண்டே இழுத்தபோது வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு, குழைத்த காவி போலச் சிவப்பாக ஒரு களிம்பும் வந்தது.

இரண்டு காரணம் தெரிந்தது. ஒன்று, தூசி போகாமல் காக்கும் ரப்பர் உறை மடிப்பில் கிழிந்திருந்தது. மழைக்காலம் முழுவதும் நம் ஊர்ச் செம்மண் சேறு அதற்குள் போய்க் கிரீஸோடு குழைந்து சாந்தாகிவிட்டது. இன்னொன்று, கீழ்ப் பின்னின் நுனியில் இருந்த ரப்பர் ஸ்லீவ் ஊதிப் பருத்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பேடு மாற்றியபோது சாதாரண கிரீஸைத் தடவிவிட்டிருக்கிறார்கள். நிறமும் வாசனையும் காட்டிக் கொடுத்தன. பெட்ரோலிய எண்ணெயில் செய்த கிரீஸ் பட்டால் பிரேக்கில் உள்ள இந்த வகை ரப்பர் உப்பிவிடும். உப்பிய ரப்பர் துவாரத்துக்குள் ஆப்பு அடித்ததுபோல் உட்கார்ந்துவிடும். பெட்ரோலிலோ டீசலிலோ கழுவுவதும் இதே காரணத்தால் ஆகாது. ஒரு ஸ்பூன் தவறான கிரீஸ் ஒரு முழு செட்டு பேடைத் தின்றுவிட்டது. இதை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

சரி, ரப்பர் இல்லாமல் மேலே போக முடியாது. பொழுதும் சாய்ந்துவிட்டது. வண்டியை முட்டிலேயே விட்டுவிட்டு, காலிபர் மேல் பழைய துணி சுற்றி வைத்தேன். மறுநாள் காலை பஸ்ஸில் காரைக்குடி போய் உறைகளும் ஸ்லீவும் சேர்ந்து வரும் பின் கிட் வாங்கி வந்தேன். இரண்டு பக்கத்துக்கும் வாங்கினேன்.

அப்புறம் தொடங்கியதுதான் உண்மையான வேலை. பின் போகும் துவாரத்துக்குள் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரில் துணியைச் சுற்றிக் கிளீனர் அடித்துத் துடைத்தேன், துணி சிவப்பாக வருவது நிற்கும் வரைக்கும். ஏழெட்டுத் துணி ஆனது. பின்னில் இருந்த துருவை மிக நைசான உப்புத்தாளால் மெதுவாக எடுத்தேன். புது ஸ்லீவ், புது உறை, மெல்லியதாகச் சிலிகான் கிரீஸ். இங்கே அதிகம் தடவினாலும் தப்பு: துவாரத்தின் கடைசியில் கிரீஸ் நிரம்பினால் பின் முழுதாக உள்ளே போகாது. மேல் பின்னையும் கீழ்ப் பின்னையும் இடம் மாற்றிவிடக் கூடாது. என் வண்டியில் ஸ்லீவ் உள்ளது ஒன்றில் மட்டும்தான். மாட்டிய பிறகு ஒரே விரலால் தள்ளினேன். போனது. விட்டதும் உறைக்குள் இருந்த காற்று லேசாகத் திருப்பித் தள்ளியது. முந்தின நாள் அரை மணி நேரம் போராடிய அதே பின்தான்.

பேடின் இரண்டு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் உட்காரும் இடத்திலும் துரு அடை அடையாக இருந்தது. அந்தத் துருவின் தடிமனே பேடை நெருக்கப் போதும். கிளிப்புகளைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷாலும் சின்ன அரத்தாலும் இரும்பு தெரியும் வரை தேய்த்தேன். துருவைத் தேய்க்கும்போது எனக்கு எப்போதும் காரைக்குடி சிக்ரி நினைவுதான் வரும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம். உலோகம் ஏன் அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்பது அங்கே ஆராயும் பெரிய விஷயங்களில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு தடவை கூட்டிப் போனார்கள். ஈரமும் காற்றும் இரும்பும் சேர்ந்தால் போதும் என்று அங்கே கேட்டது, இந்தக் கொட்டகையில் உட்கார்ந்து அரம் பிடிக்கும்போது கைக்குப் புரிகிறது. ஒன்று, டிஸ்க்கின் முகத்தில் மார்கழிப் பனிக்கு ஒரே ராத்திரியில் படியும் மெல்லிய துருவைப் பற்றிக் கவலை வேண்டாம். நாலு தடவை மிதித்தால் பேடே அதைத் துடைத்துவிடும். காதுகள் உட்காரும் இடத்தில் படிவதைத்தான் யாரும் துடைப்பதில்லை.

தூசியை ஊதவே கூடாது, வாயாலும் சரி, காற்று பம்பாலும் சரி. பழைய பேடுகளில் கல்நார் கலந்திருக்கலாம், எந்தப் பேடுத் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. கிளீனர் அடித்து ஈரமாக்கி, ஈரத் துணியால் துடைத்து, துணியை ஒரு பையில் போட்டுக் கட்டிவிட்டேன். முகத்துக்கு மாஸ்க்.

டிஸ்க்கை அளந்தேன். அது இறங்கக்கூடிய குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறித்திருக்கும். வெளி விளிம்பில் தேயாத ஒரு வரப்பு நிற்பதால் வெர்னியர் அளவுகோலை நேராகப் பிடித்தால் அளவு கூடுதலாகக் காட்டும். இரண்டு ஒரு ரூபாய்க் காசுகளை இரண்டு பக்கமும் டிஸ்க்கின் தேய்ந்த பகுதியில் வைத்துச் சேர்த்து அளந்து, காசுகளின் தடிமனைக் கழித்துக்கொண்டேன். குறைந்தபட்சத்துக்கு மேல் 1 மில்லிமீட்டருக்கும் கூடுதலாக மிச்சம் இருந்தது. இரும்பு எட்டிப் பார்த்த இடத்தில் மெல்லிய கோடுகள் இருந்தன, நகத்துக்குத் தட்டுப்படவில்லை. அதனால் டிஸ்க்கை மாற்றவில்லை.

புதுப் பேடு பழையதைவிடக் கனம். பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் இடம் கிடைக்கும். பழைய பேடைப் பிஸ்டனின் முகத்தில் வைத்து, சி-கிளாம்பைக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கினேன். பிஸ்டன் போகப் போக ஆயில் திரும்பி மேலே டப்பாவுக்கு ஏறும். அப்பச்சியைப் பானட் பக்கம் நிறுத்தி வைத்திருந்தேன். "ஏறுது, ஏறுது, நிறுத்துத்தா" என்றதும் ஊசி போடும் சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார். ஆயில் கறுத்த டீ நிறத்தில் இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதற்கு அந்த எல்லை 140 டிகிரி. கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், மிதி பஞ்சாகிவிடும். அதனால் பழைய ஆயிலை முழுதாக வடித்துப் புதிது ஊற்றும் வேலையை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு எழுதி வைத்துக்கொண்டோம். சிந்தினால் பெயிண்டை உரித்துவிடும் என்பதால் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் தயாராக இருந்தது. தண்ணீரில் கரையும் ஆயில் என்பதால் உடனே ஊற்றினால் போய்விடும்.

இதற்குப் பிறகு பேடு மாட்டியது பத்து நிமிட வேலை. சத்தத் தகடு உள்ளது உள்பக்கம், பழையது இருந்த மாதிரியே. பேடின் முதுகு பிஸ்டனிலும் காலிபரிலும் படும் இடத்திலும், காதுகளிலும் மட்டும் கிரீஸ் ஒரு பூச்சு. தேய்மான முகத்திலும் டிஸ்க்கிலும் விரல் எண்ணெய்கூடப் படக் கூடாது. அதற்காகவே கை கழுவிவிட்டு வந்தேன். காதுகள் கிளிப்புக்குள் விரலால் தள்ளினாலே போயின. அடித்து இறக்க வேண்டியிருந்தால் துரு இன்னும் மிச்சம் என்று அர்த்தம். போல்ட்டுகளைக் கையால் மரை பிடிக்க வைத்து, அப்புறம் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கையேட்டில் போட்டிருந்த அளவுக்கு இறுக்கினேன். சக்கர நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிரே இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கிக் கடைசி இறுக்கம்.

வலது பக்கம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அங்கே இரண்டு பேடுகளிலும் 4 மில்லிமீட்டர் சமமாக இருந்தது. அதன் பின்களையும் கழற்றித் துடைத்து, ஸ்லீவும் உறையும் மாற்றித்தான் மூடினேன். வலது பின்னிலும் அதே கிரீஸ்தானே.

இரண்டு பக்கமும் முடிந்ததும், எஞ்சினைத் தொடுவதற்கு முன், பிரேக்கை மிதிக்க வேண்டும். பிஸ்டனைப் பின்னால் தள்ளியிருக்கிறோம், பேடுக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி கிடக்கும். முதல் மிதி நேராகத் தரைக்குப் போனது. இரண்டாவது பாதியில் நின்றது. ஐந்தாவது மிதியில் உயரத்திலேயே கெட்டியாக நின்றது. இதை மறந்து கியரைப் போட்டு வாசலைத் தாண்டுகிறவர்களுக்கு முதல் திருப்பத்தில் பிரேக் இருக்காது. நான்கு சக்கரமும் டிரம்மாக இருந்த பழைய அம்பாசடரை ஓட்டிய காலத்திலிருந்து அப்பச்சிக்கு ஒரு வழக்கம்: கதவைச் சாத்தியதும் முதலில் பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் சாவி. சின்ன வயதில் காரணம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பாவில் ஆயில் மட்டத்தையும் சரி பார்த்து மூடினோம்.

மறுநாள் விடிகாலை கானாடுகாத்தான் பக்கம் உள்ள ஆளில்லாத நேர் சாலையில் பேடைப் படிய வைத்தேன். 50-லிருந்து 10 வரை நிதானமாக மிதித்துக் குறைப்பது, மறுபடி வேகம் எடுப்பது, மறுபடி குறைப்பது, பத்துத் தடவை. முழுதாக நிறுத்தக் கூடாது. சூடான பேடு ஒரே இடத்தில் டிஸ்க்கை அழுத்திக்கொண்டு நின்றால் அங்கே திட்டாக அப்பிக்கொள்ளும், பின்னால் மிதி அதிரும். ஆறாவது ஏழாவது தடவையில் புதுப் பேடின் கருகல் வாசனை லேசாக வந்தது. மயில் ஒன்று குறுக்கே வந்ததால் ஒரு தடவை மட்டும் கொஞ்சம் அழுத்தி மிதிக்க வேண்டியதாயிற்று, வண்டி ஒரு பக்கமும் இழுக்காமல் நேராகக் குறைந்தது. அப்புறம் பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட்டு வீடு வந்தேன்.

இறங்கியதும் மறுபடியும் ஒரு சாண் தள்ளிக் கை. இடது, வலது, மறுபடி இடது. அப்பச்சியும் வந்து கை வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே சூடு.

வீட்டில் காருக்கு என்று ஒரு கணக்கு நோட்டு உண்டு, டீசலிலிருந்து டயர் வரை எல்லாம் அதில் ஏறும். தேதி, ஓடிய கிலோமீட்டர், நான்கு பேடுகளின் புது அளவு, கழற்றிய நான்கின் அளவு, பின் கிட் இரண்டு, சிலிகான் கிரீஸ் என்று எழுதினேன். அப்பச்சி வாங்கிப் படித்துவிட்டு, கீழே தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: "ஐப்பசி முடிந்ததும் பின் உறை பார்க்கவும்."